மிதிக்காத பிரேக்

முதலில் நடுங்கியது கை. காலையில் டீக் கிளாஸைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒரு கட்டிங் சரக்கு உள்ளே போனால் நின்றுவிடும். அதை மருந்து என்றே நினைத்திருந்தேன், கூறுகெட்டவன்.

ஆத்தங்குடியிலிருந்து டைல்ஸ் ஏற்றிப்போகும் மினி லாரி என்னுடையது. அந்த மருந்தைக் குடித்துவிட்டு, கல்லல் சாலையில் சைக்கிளில் போன ஒருவர் மேல் ஏற்றினேன். பட்டப்பகல், நேரான சாலை. பிரேக்கை மிதிக்கவே இல்லை. அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நீதிமன்றம் என் லைசென்ஸை நிறுத்திவைத்தது. குடிநோய்ச் சிகிச்சைக்குப் போக வேண்டும், அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் ஸ்ட்ரெச்சர் தள்ள வேண்டும் என்றது.

"மாலை போட்டா நாப்பத்தெட்டு நாளும் தொடமாட்டேன் டாக்டர். நானே விட்ருவேன்."

"அது முன்னாடி. இப்பத் திடீர்னு விட்டா வலிப்பு வரும். அட்மிட் ஆகுங்க."

கேட்கவில்லை. மாலை போட்டுக்கொண்டு வீட்டிலேயே நிறுத்தினேன். மூன்றாம் நாள் டெலிரியம் (குடி நின்றதும் மூளை கலங்கி, இல்லாததெல்லாம் தெரிவது) வந்தது. சுவரெல்லாம் ரத்தம் வழிந்தது. பிடிக்க வந்த என் மனைவி செல்வியின் மண்டையைக் கதவு நிலையில் மோதினேன். ஆறு தையல். அவள் காட்டித்தான் எனக்கே தெரியும். மருத்துவமனையில் என்னைக் கட்டிலோடு கட்டி ஊசி போட்டார்கள். குடியை விடுங்கள், ஆனால் மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது விடுங்கள்.

விபத்துப் பிரிவில் இரண்டாம் மாதம், புண் ஆறாமல் மறுபடி தைத்த காலுக்குக் கட்டு மாற்ற அந்தச் சைக்கிள்காரரே வந்தார். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"நீதானடா." ஊன்றுகோலைத் தூக்கி அடித்தார். தோளில் ஒன்று, காதோடு சேர்த்து ஒன்று. மூன்றாவதற்கு ஓங்கியபோது ஒற்றைக்காலில் சரிந்தார். இடுப்பைப் பிடித்துத் தாங்கினேன். விடச் சொல்லிக் கத்தினார். விட்டால் விழுந்துவிடுவார். பிடித்துக்கொண்டே மிச்ச அடியையும் வாங்கினேன்.

"போதும், தையல் பிரிஞ்சிரப் போகுது. ஏன் இப்படிப் பண்றீக," என்று அழுத அவர் மனைவி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அங்குட்டு உக்கார வைங்க."

அன்று சாயங்காலம் உடம்பு முழுக்கக் குடி கேட்டது. கடை எதிரேதான் இருந்தது. செல்விக்குப் போன் போட்டேன்.

"அங்கனயே நில்லுங்க. வாரேன்."

அவள் வரும்வரை நின்றேன். அந்த இருபது நிமிடம்தான் என் சிகிச்சை.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டது. கை நடுங்குவதில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால்கூட வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. செல்வி என் முட்டியில் கை வைத்து, "நின்னுருச்சுங்க, வண்டி நின்னுருச்சு," என்பாள்.

நிற்கவில்லை. அந்தச் சைக்கிள் இன்னும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. நான் மிதித்துக்கொண்டே இருக்கிறேன்.