அண்ணியின் கன்னத்து நிறம்

போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் என் வீட்டு ஜன்னல் விளிம்பில் ஒரு சின்னக் கண்ணாடி டப்பா இருக்கிறது. குங்குமச் சிமிழைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே ஒன்றும் இல்லை. அடியோரத்தில் மட்டும், விரலுக்கு எட்டாமல் போன பீச் நிறக் கீற்று ஒன்று ஒட்டியிருக்கிறது. ரங்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்து அண்ணி அனுப்பிய டப்பா அது. "இதே கலர்தான் வேணும், மாத்திப்புடாதே" என்று போனிலும் சொல்லியிருந்தாள். சாயங்கால வெயில் ஜன்னலில் விழும்போது அந்தக் கீற்று உயிர் வந்தது போல மினுங்கும். நான் கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததும் உண்டு.

அண்ணன் திடீரென்று மாரடைப்பில் போனபோது அண்ணிக்கு வயது ஒன்றும் ஆகிவிடவில்லை. மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்த சொந்தக்காரர்கள், செய்ய வேண்டிய சடங்கையெல்லாம் செய்து முடித்துவிட்டுத் திரும்பினார்கள். அண்ணியின் நெற்றிப் பொட்டும் அவர்களோடு போயிற்று. அதன்பிறகு பொட்டு வைக்காதே என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை, வை என்றும் யாரும் சொல்லவில்லை. ரங்கத் வீட்டில் அம்மாவும் அண்ணியும் மட்டும்தான். அம்மா பேச்சையே குறைத்துக்கொண்டாள். அண்ணி பஜாரில் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள்.

அங்கேதான் வந்தது வினை. "தலைவலி மாத்திரை வாங்க வர்ற ஆளு, என் மூஞ்சியப் பாத்துட்டு எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போறான்டி. பெங்காலி, தெலுங்கு, மலையாளம்னு பேதமே இல்ல. எல்லாரும் 'பேச்சாரி, பேச்சாரி'ன்னு இந்தியில பாவப்படுறாங்க. செத்துப் போனது உங்க அண்ணனா நானான்னு எனக்கே சந்தேகமாயிருக்கு" என்றாள் ஒருமுறை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அந்தத் தடவை அவள் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, கன்னத்துக்கு நிறம் தர நான் வாங்கி வைத்திருந்த க்ரீம் பிளஷ்ஷை எடுத்து நீட்டினேன். இந்த ஊர் ஈரக்காற்றுக்குப் பவுடர் சரிப்படாது, பத்து நிமிஷத்தில் திட்டுத்திட்டாய் நிற்கும். க்ரீம் என்றால் தோலோடு தோலாகப் போய்விடும். அண்ணி மோதிர விரலால் துளியூண்டு தொட்டு, கன்னத்து மேட்டில் வைத்து, காதுப் பக்கமாக மெல்லத் தட்டித் தட்டிப் பரப்பினாள். ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாத அளவுக்குக் கரைத்தாள். வெளியே தூறல். கண்ணாடிக்குள் ஒரு முகம் தூக்கத்திலிருந்து எழுந்து வருவதைப் போல இருந்தது.

அவள் கேட்டாள்: "போட்டது தெரியுதா?"

"தெரியல அண்ணி. இப்பத்தான் நல்லாத் தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கு."

"தெரியவே கூடாதுடி. திட்டுனாக்கூடப் பரவாயில்ல. அத்தை ஒண்ணும் சொல்லாம, 'எம்புள்ளைய அதுக்குள்ள மறந்துட்டாளே'ன்னு உள்ளுக்குள்ள உடஞ்சு போயிட்டா? என்னால அதைத் தாங்க முடியாது."

அவளுக்கு இருந்த பயம் இது ஒன்றுதான். ஊரை அவள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

ரங்கத்துக்குப் போன முதல் வாரமே சொதப்பினாள். எங்கள் வீட்டுப் பின்கட்டில் மழைக்காக நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கும். அதற்கடியில் நின்றால் எல்லாமே நீலமாகத் தெரியும். அங்கே கண்ணாடியை மாட்டி, நிறம் ஏறவே இல்லையென்று மேலும் மேலும் அப்பியிருக்கிறாள். முன்பக்கம் வந்தால் பளீரென்று வெயில், அம்மாவோடு பேசிக்கொண்டு பக்கத்து வீட்டு பெங்காலி மாசி. முகம் ஏன் இப்படிச் சிவந்து கிடக்கிறது என்று மாசி கேட்டாள். அம்மாதான் அண்ணியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "புகார் ஹை" என்றாள். காய்ச்சலாம்! அதோடு விடாமல் நிலவேம்புக் கஷாயம் வைத்துக் கையில் கொடுத்துவிட்டாள். அண்ணி மாசி முன்னாலேயே ஒரு சொட்டு விடாமல் குடித்தாளாம். போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அம்மா பாவம், அவளுக்கு என்ன தெரியும் என்று பேசிக்கொண்டோம்.

பிறகு அண்ணிக்குக் கை படிந்துவிட்டது. ஒருமுறை மூவருமாகப் போர்ட் பிளேருக்கு வந்துகொண்டிருந்தோம். பாராடாங்கில் பஸ்ஸை ஃபெர்ரியில் ஏற்றிவிட்டு நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு, நடுவில் பச்சைத் தண்ணீர், மிதக்கிறோமா நிற்கிறோமா என்று தெரியாத ஒரு நகர்வு. காற்றில் அண்ணியின் முந்தானை பறந்தது. அந்த நிறம் அவள் முகத்துக்கே உரியதாக இருந்தது. அம்மா தண்ணீரைப் பார்க்காமல் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மங்கல், எங்கேயோ பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் கடல் கொந்தளித்துக் கப்பல்கள் நின்றுவிட்டன. இங்கே உருளைக்கிழங்கிலிருந்து எல்லாம் கப்பலில்தான் வர வேண்டும். அண்ணியின் டப்பா காலியாகிவிட்டது, நான் வரவழைத்த புதியது சென்னையிலேயே கிடந்தது. அண்ணி வெறும் முகத்தோடு கடைக்குப் போனாள். 'பேச்சாரி' மறுபடி ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாளாம்:

"ஏத்தா, கொஞ்ச நாளா மூஞ்சி வெளுத்துக் கெடக்கே. டப்பா தீந்துருச்சா? கப்பல் வரலையா?"

அண்ணிக்குச் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. "அப்ப அன்னைக்குக் கஷாயம்..." என்று இழுத்தாள்.

"மாசி வாயில விழுந்தா ரங்கத் பூராத் தெரிஞ்சிரும். வேற என்ன செய்யச் சொல்றே? ஆனா கசப்பு வேணும்னுதான் தேன் ஊத்தல. அம்புட்டு அப்பி வச்சிருந்தே."

பிறகு ரசத்தைக் கலக்கி ஊற்றியபடியே சொன்னாளாம்: "அவனைக் கொடுத்துட்டேன். உன்னையும் வெளுத்துப் போய்ப் பாத்துக்கிட்டு இருக்கணுமா நானு?"

அண்ணி போனில் இதைச் சொல்லி முடிக்கவில்லை. அழுதாள். நானும் இங்கே ஜன்னலோரம் நின்று ஓவென்று அழுதேன்.

நிறம் மாறிவிடக் கூடாதே என்று, தீர்ந்ததுமே அண்ணி பஸ்ஸில் அனுப்பியதுதான் இந்த டப்பா. புதியது எப்போதோ வந்து, அதுவும் தீரப்போகிறது. இருந்தாலும் இதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. இன்று ஒரு ஈர்க்குச்சியால் அந்தக் கீற்றைச் சுரண்டி என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்குப் பொருந்தவில்லை, அது அண்ணியின் நிறம். அப்போது போன் அடித்தது. முன்பெல்லாம் புது டப்பா கேட்க அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டு கூப்பிடுவாள். இப்போது கூப்பிடுவது அம்மா. பின்னால் அண்ணி, "ஐயோ அத்தை, சும்மா இருங்க" என்று சிரிப்பது கேட்கிறது. அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை.

"ஏண்டி, இந்தத் தடவை ரெண்டா வாங்கி அனுப்பு. கப்பலை நம்பி இவளை விட முடியாது."