டோரதி சிஸ்டரின் வண்டிக்கு ஜீப் சக்கரம்

1979-இல் டோரதிக்கு முப்பத்தாறு வயது. திருச்சியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நர்ஸ். மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை மட்டும் அவள் வார்டில் இருக்கமாட்டாள். ஆஸ்பத்திரி ஜீப்பின் பின்னால் ஒரு வெள்ளை வண்டியை மாட்டி இழுத்துக்கொண்டு துறையூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்விடுவாள்.

அது ஜெர்மனியில் செய்த வண்டி. படுக்கை, ஜன்னல் திரை, சின்ன அடுப்பு எல்லாம் வைத்து, காரின் பின்னால் கட்டி ஊர் சுற்றுவதற்கென்றே செய்தது. தரை வழியாகவே அதை இழுத்துக்கொண்டு இந்தியா வந்த ஒரு தம்பதியில், மனைவி டைபாய்டு கண்டு இதே ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து பிழைத்தாள். வண்டியை இங்கேயே கொடுத்துவிட்டு இருவரும் விமானம் ஏறிவிட்டார்கள். நாலு வருஷம் ஷெட்டில் தூசி படிந்து நின்றதைக் கேட்டு வாங்கியது டோரதிதான். கிராமத்தில் முகாம் என்றால் பள்ளிக்கூட வராந்தாதான் கிடைக்கும். கர்ப்பிணிகளைப் படுக்க வைத்துப் பார்க்க மறைவு கிடையாது. கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை வந்ததும், அதுவரை எட்டிப் பார்க்காத பெண்கள் எல்லாம் வரத் தொடங்கினார்கள்.

ஆனால் சக்கரம் பாடாய்ப் படுத்தியது. ஜூலையில் இடது டயர் வெடித்தது. பழைய கார் டயர் ஒன்றைத் தேடி மாட்டினார்கள். ஆகஸ்டில் திருவெள்ளறையைத் தாண்டியதும் அதுவும் வெடித்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து புளியமரத்தடியில் நின்றுவிட்டது.

டிரைவர் அருள்நாதன் இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "ஜீப் ஸ்டெப்னி இதுக்குச் சேராது சிஸ்டர். இது குட்டிச் சக்கரம், நாலு போல்ட்டு. நம்ம ஜீப்புக்கு அஞ்சு."

டோரதி மருந்துப் பெட்டியோடு ஜீப்பில் மட்டும் ஊருக்குப் போனாள். வராந்தாவில் இருபது பேர் நின்றார்கள், பாதிப் பேர் ஆண்கள். காளியாயி என்ற ஏழு மாதக் கர்ப்பிணி எட்டிப் பார்த்தாள்.

"வண்டி வரலையா நர்சம்மா?"

"டயர் போயிடுச்சும்மா. நீ வா, இங்கேயே ஓரமாப் பார்க்கிறேன்."

"இத்தனை ஆம்பளைங்க முன்னாடியா? வண்டி வரட்டும், அப்ப வரேன்."

கையிலிருந்த குழந்தைக்கு ஊசி போட்டு முடித்து டோரதி நிமிர்வதற்குள் அவள் வரப்பில் இறங்கிப் போய்விட்டாள். அவள் காலில் மெட்டி சதைக்குள் புதைந்திருந்ததை டோரதி பார்த்திருந்தாள். அந்த வீக்கம் நல்லதல்ல. ஆள் விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அதே பதில்தான் வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிப் பொறுப்பிலிருந்த டாக்டர் கிளமென்ட், "அந்த வண்டியை விட்டுடலாம் டோரதி. ஒரு டென்ட் வாங்கித் தரேன்" என்றார். டோரதி தலையாட்டவில்லை. காற்றில் துணி விலகும் கூடாரத்துக்குள் காளியாயி வரமாட்டாள். "அடுத்த முகாமுக்குள்ள சரி பண்ணலேன்னா ஷெட்டுல போட்டுடுங்க டாக்டர்" என்றாள். பதின்மூன்று நாள் இருந்தது.

பாலக்கரையில் குத்புதீன் பாயின் டயர் கடை. அருள்நாதன் வெடிக்காத வலது டயரைக் கழற்றி எடுத்து வந்திருந்தார். "பட்டன் தேயவே இல்லை, புதுசு மாதிரி இருக்கு பாய். இதுக்கு ஜோடியா ஹெரால்டு கார் டயர் ஒண்ணு போட்டா முடிஞ்சுது."

பாய் டயரைக் காலால் மிதித்து வளைத்தார். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன. "ஓடித் தேயலை. நின்னே செத்துப்போச்சு. வருஷக்கணக்கா வெக்கையில ஒரே எடத்துல நின்னா ரப்பர் என்னத்துக்கு ஆகும்?" பிறகு டோரதியைப் பார்த்தார். "ஹெரால்டு டயர் என்கிட்ட இருக்கு சிஸ்டர். ஆனா தரமாட்டேன். கார்ல நாலு சக்கரம் சுமக்கிற பாரத்தை உங்க வண்டியில ரெண்டுதான் சுமக்குது. வண்டி என்ன எடை?"

அருள்நாதன் டோரதியைப் பார்த்தார். டோரதி அருள்நாதனைப் பார்த்தாள். தினமும் முப்பது தாய்மார்களை எடைக்கருவியில் ஏற்றி இறக்குகிறவள் அவள். வண்டியை நிறுக்க ஒருநாளும் தோன்றவில்லையே என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

பாயிடம் தற்காலிகமாக ஒரு டயர் வாங்கிப் போய், புளியமரத்தடியில் நின்ற வண்டிக்குக் கழற்றிய டயரோடு அதையும் மாட்டி, மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் லாரி நிறுக்கும் மேடைக்கு வண்டியை மெல்ல இழுத்துப் போனார்கள். தண்ணீர், மருந்து எல்லாம் ஏற்றிய நிலையில் எண்ணூற்று எண்பது கிலோ. வண்டி கோணலாக இறங்கும்போது இடது சக்கரம் மட்டும் மேடையில் இருந்த நேரத்தில் டோரதி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். முள் ஐந்நூற்று இருபதில் நின்றது.

"இடது பக்கமே ஏன் வெடிக்குதுன்னு தெரியுதாண்ணே?" என்றாள். தண்ணீர்த் தொட்டி, மருந்து அலமாரி, இரும்புக் கட்டில் மூன்றும் இடது பக்கம்தான். வசதி பார்த்து அப்படி அடுக்கியது அவளேதான்.

அன்று மாலையே தொட்டியை வலப்புறம் மாற்றினார்கள். யாரும் பற்றவைக்காத அடுப்பும், இரட்டைப் படுக்கையின் பலகைகளும் வெளியே வந்தன. சக்கரத்துக்கு மூன்று யோசனை இருந்தது. ஹெரால்டு டயர் அப்படியே பொருந்தும், பாரம் தாங்காது. அம்பாசடர் டயர் தாங்கும், ஆனால் அதற்கென்று தனியாக ஒரு ஸ்டெப்னி சுமக்க வேண்டும். ஜீப் டயர் என்றால் வழியில் எது போனாலும் ஒரே ஸ்டெப்னியில் சமாளிக்கலாம். ஆனால் அச்சையே மாற்ற வேண்டும்.

"ஜீப் டயர்தான்" என்றாள் டோரதி.

பழைய ஜீப் டிரெய்லர் ஒன்றின் அச்சை எங்கே எடுக்கலாம் என்று பாய் சொன்னார். ஸ்ரீரங்கத்தில் ஒரு பட்டறையில் அதை அடியில் வைத்துப் பற்றவைத்தார்கள். பெரிய சக்கரம் உரசாமல் இருக்க மட்கார்டை வெட்டி உயர்த்தினார்கள். முன்பெல்லாம் மூக்கைத் தூக்கிக்கொண்டு போன வண்டி, இப்போது ஜீப்பின் கொக்கிக்கு நேராக மட்டமாக நின்றது. அருள்நாதனுக்கு வாயெல்லாம் பல். புது டயர் இரண்டிலும் தானே காற்றளவு பார்த்தார்.

ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் வந்ததும்தான் ஒரு சங்கடம் தெரிந்தது. வண்டி ஒரு சாண் உயர்ந்துவிட்டது. வார்டிலிருந்த எட்டு மாதக் கர்ப்பிணி அமிர்தத்தை டோரதி கூப்பிட்டு, "ஏறிப் பாரு" என்றாள். அமிர்தம் சேலையைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள், பிறகு இறக்கிவிட்டாள்.

"கிரேன் இருந்தா வைங்க சிஸ்டர்" என்று சிரித்தாள்.

தச்சரை வரவழைத்து இரண்டு படி அகலமாக, பிடித்துக்கொள்ளக் கம்பியோடு செய்து வாங்கினாள். அமிர்தம் கம்பியைக் கூடத் தொடாமல் ஏறிய பிறகுதான் தச்சரைப் போகவிட்டாள்.

வியாழக்கிழமை திருவெள்ளறை மேட்டில் வண்டி ஆடாமல் வந்தது. டோரதி மட்டும் நாலு தடவை நிறுத்தச் சொல்லி இறங்கி டயரைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

ஊர் எல்லையில் வெள்ளை வண்டி தெரிந்ததுமே காளியாயி வந்துவிட்டாள். படியேறிக் கதவைத் தானே சாத்தினாள். முகமும் வீங்கியிருந்தது. ரத்த அழுத்தம் பார்த்த டோரதி கதவைத் திறந்து கத்தினாள். "அண்ணே, வண்டியைக் கழட்டுங்க. ஜீப் மட்டும் உடனே திருச்சி போகணும். இவங்க வீட்டுக்காரரையும் ஏத்திக்குங்க!"

காளியாயி பயந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வரலையா நர்சம்மா?"

"நான் வராமலா?" என்று அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள் டோரதி.

ஒன்பது நாள் மருந்தும் ஓய்வுமாகப் போயிற்று. பத்தாம் நாள் குறைமாதத்தில் ஒரு பெண் பிறந்தாள். ஒரு மாதம் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். காளியாயி ஊருக்குக் கிளம்பிய அன்று டாக்டர் கிளமென்ட் டோரதியிடம், "மாசம் ரெண்டு வியாழக்கிழமை போதுமா?" என்று கேட்டார்.

"எல்லா வியாழக்கிழமையும் வேணும் டாக்டர்" என்றாள் அவள், கொஞ்சமும் யோசிக்காமல்.