கை டாக்டரின் சட்டைப்பை

மெயின் சுவிட்சை இறக்கி, அதில் தன் சிவப்புப் பூட்டை மாட்டி இழுத்துப் பார்க்கிறார். நாலடி நடந்தவர் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறார். அந்தப் பூட்டைத் திறக்காமல் யாராலும் இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்க முடியாது. பூட்டின் சாவியை மற்ற டெக்னீஷியன்கள் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள். இவர் சோப்புக் கட்டிகள் நகரும் பட்டையைச் சுற்றிக்கொண்டு, மறுகோடியில் அட்டைப்பெட்டி மடிக்கும் மேசைவரை போகிறார். அங்கே இருக்கும் அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் கம்பிவேலிக்குள் நுழைகிறார்.

வேலிக்குள் இருப்பது மஞ்சள் நிற இயந்திரக் கை. பெட்டிகளைத் தூக்கி அடுக்குவது அதன் வேலை. அதற்கு உடம்புக்கு வந்தால் பார்ப்பது இவர் வேலை. அதனால் ‘கை டாக்டர்’ என்று பெயர். மீட்டரை எடுக்கும் முன் மோட்டார்மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். அதன் மூட்டுகளை மெல்ல அசைத்துக் காதை ஒட்டி வைப்பார். “இன்னிக்கு ஐயாவுக்கு முட்டி பிடிச்சிருக்கு” என்பார். “அதை விசாரிக்கிறதுல பாதி என்னை விசாரிச்சா நான் இன்னும் நூறு வருஷம் இருப்பேன்” என்பது வீட்டில் மனைவியின் குத்தல். முன்பெல்லாம் அதற்குச் சிரிப்பார்.

வேலிக் கதவில் ஓர் இரும்புத் தகடு உண்டு. கதவைச் சாத்தினால் அது நிலையிலுள்ள துளைக்குள் போய் உட்காரும். அப்போதுதான் இயந்திரம் ஓடும். திறந்தால் நின்றுவிடும். ஓடும்போதே கிட்டத்தில் நின்று பார்த்தால் கோளாறு சட்டென்று பிடிபடும் என்பதால், இவர் தனித் தகடு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அதைத் துளையில் செருகிவிட்டால் போதும், விரியத் திறந்த கதவையும் சாத்திய கதவென்று இயந்திரம் நம்பிவிடும்.

அப்படிச் செருகியிருந்த ஒருநாள், இயந்திரத்தைச் சற்றே நிறுத்திவிட்டு வேலிக்குள் பட்டைக்குப் பின்னால் குனிந்திருந்தார். அப்போது அதை ஓட்டும் பொறுப்பு அக்காவுடையது. கதவு சாத்தியிருப்பதாகப் பலகையில் எரிந்த பச்சை விளக்கைப் பார்த்துப் பொத்தானை அமுக்கினார். திரும்பிய கை இவரைத் தோளோடு இடித்துத் தள்ளியது. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. ஆட்கள் ஓடி வருவதற்குள் தவழ்ந்துபோய்த் தகட்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வலி அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். அது பொய்யில்லை. திறந்திருந்தால் இயந்திரம் அசையாது; அசைந்திருக்கிறது; ஆகவே உள்ளே ஆள் இருப்பதைக் கவனிக்காமல் அக்காதான் சாத்தியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அடித்துப் பிடித்து ஓடி வந்தவர்களில் கதவைக் கவனித்தவர் யாருமில்லை. அக்கா முதலில் இல்லையென்றார். பிறகு தெரியலையே என்றார். கடைசியில், தான்தான் சாத்தியதாக அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். அட்டை மடிக்க அனுப்பினார்கள்.

சாவி கொடுக்கும் பழக்கம் அதன் பின் வந்தது. இடித்தவரிடமே உயிரை ஒப்படைக்கிற பெரிய மனசு என்று மற்றவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் இவர் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொள்கிறார்.

இன்று சாவியை வாங்கிக்கொண்ட அக்கா, உடனே இவரை விடவில்லை. வீட்டில் கதவைச் சாத்தினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். மறதி வியாதியாக இருக்கும், ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று மகள் கூப்பிடுகிறாளாம்.

“என் புத்தி மேல எனக்கே நம்பிக்கை போச்சு தம்பி. நீயாவது அன்னிக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.”

இவர் நின்றார். கை சட்டைப்பைக்குப் போயிற்று. மடித்து வைத்திருந்த அட்டையின்மேல் தகட்டை வைத்தார்.

“நீங்க சாத்தலக்கா.”

அக்கா அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். தூரத்தில் திறந்து கிடந்த வேலிக் கதவையும், அதில் இருந்த தகட்டையும் பார்த்தார். பல வருடம் அந்தக் கதவோடு பழகியவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. திட்டவுமில்லை. ஏப்ரனை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். பூட்டின் சாவியை இவர் பக்கம் நகர்த்தினார். தகட்டை மட்டும் உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு சூப்பர்வைசர் அறையை நோக்கி நடந்தார்.

கை டாக்டர் அவசரமாக அவரைத் தாண்டிப் போய், அறையின் கண்ணாடிக் கதவை விரியத் திறந்து, அக்கா வந்து சேரும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.