வீடு என்று சொல்லாத செலினா

பண்ணைக்காட்டில் செலினா பாட ஆரம்பித்தால், மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் பஸ்காரர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிடுவார்கள். நம்ப மாட்டீர்கள், வேண்டாம். ஆனால் இனிச் சொல்லப்போவதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை.

செலினா காப்பிப் பழம் பறிக்கிறவள். கணவர் சுப்புராஜ் கொத்தனார். கோயில், ஜெபம் எதிலும் ஒட்டாதவர். அவர் தன் கையால் கட்டிய தகரக் கூரை வீட்டின் முன்னறையில்தான் ஞாயிறுதோறும் பத்துப் பதினைந்து பேர் ஜெபிக்கக் கூடினார்கள். முதல் நாள் போதகர் நிலைப்படியில் எண்ணெய் பூசி, வீட்டைக் கர்த்தருக்குப் பிரதிஷ்டை பண்ணினார். "இனி இது உம்முடைய வீடு ஆண்டவரே" என்று செலினா வாய்விட்டுச் சொன்னாள்.

"அப்ப நான் ஒங் கர்த்தருக்கு வாடகைக்கு இருக்கேனாக்கும்?" என்றார் சுப்புராஜ்.

"நீங்க குடுக்க வேணாம். நான் பாடிக் கழிச்சுக்கிறேன்."

போன வருஷம் சுப்புராஜைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளியது. ஞாபகமும் பாதி போயிற்று. அந்த நேரம் பார்த்து, அனுமதி வாங்காத ஜெபவீடு என்று யாரோ மனுக் கொடுக்க, ஒரு ஞாயிறு காலை தாசில்தார் போலீசோடு வந்து நின்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏம்மா, இது குடியிருக்கிற வீடு மட்டுந்தானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போய்க்கிட்டே இருக்கேன்."

போதகர் முந்திக்கொண்டார். "வீடுதாங்கய்யா. நாங்க சும்மா காப்பி குடிக்க வந்தோம்."

"டம்ளரக் காணமே?" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

செலினா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "குடியிருக்கோம்ங்க. ஆனா இது ஜெபவீடு. கர்த்தருக்குக் குடுத்தாச்சு. குடுத்தத இல்லைன்னு எப்பிடிங்கய்யா சொல்ல?"

"புருசன் கெடக்குற கெடையில ஒனக்கு வீம்பா?" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"வீம்பு இல்லைங்கய்யா. கர்த்தரு என்னைய ஒருநாளும் நீ யாருன்னு கேட்டதில்லைங்க. அவர நான் எப்பிடி யாருன்னு கேக்க?"

வீட்டுக்கு ஒரே வாசல். சுப்புராஜைக் கட்டிலோடு தூக்கி வெளியே வைத்துவிட்டு, பூட்டிச் சீல் வைத்தார்கள். கூடி ஜெபித்தவர்களே, "ஒன் வாயாலதான் எல்லாம் போச்சு" என்றார்கள். போதகர் வேறு வீடு பார்த்துக் கூட்டம் நடத்தினார், அவளைக் கூப்பிடவில்லை. சுப்புராஜின் அண்ணன் நாச்சிமுத்து ஜீப்போடு வந்து, "ஒன்னைய நம்பி இனி விட முடியாது" என்று தம்பியைக் கன்னிவாடிக்குக் கொண்டுபோனார்.

செலினா இப்போது எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்து வீடொன்றில் ஒண்டியிருக்கிறாள். ஞாயிறு ஆனால் வெள்ளனே பஸ் ஏறிக் கணவரைப் பார்க்கப் போவாள். ஒருமுறை, ஊர்ப் பள்ளிக்கூட டீச்சரான நானும் கூடப் போனேன். அவள் ஊட்டிய கஞ்சியைக் குடித்த சுப்புராஜ், வாயைத் துடைக்கும் முன்பே கேட்டார்: "ஏ செலினா, வெரசாக் கெளம்பு. வீட்டுக்குப் போவோம்."

சீல் வைத்தது அவர் நினைவில் நிற்பதே இல்லை.

நான் இருக்கும்போது பொய்க்கு என்ன பஞ்சம்? "வெள்ளையடிக்கிறாங்க சுப்புராஜு. காஞ்சதும் போகலாம்" என்றேன். மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "என்ன கலரு?" என்றார்.

செலினா அவர் கையைப் பிடித்தாள். "இல்லைங்க. டீச்சர் வெளையாட்டுக்குச் சொல்றாங்க. வீட்டப் பூட்டிட்டாங்க. என்னாலதான்."

புதிதாகக் கேட்பவர்போல அவர் விம்மி அழுதார். போன வாரமும் இப்படித்தான் அழுதாராம். அதற்கு முந்தின வாரமும்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. "நோயாளிகிட்ட ஒரு சின்னப் பொய் சொன்னா என்னடி?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இங்க சொல்லலாம்னா அங்கயே சொல்லியிருக்கலாமே டீச்சர். எதுக்கு அவரத் தெருவுல தூக்கி வச்சேன்?"