மூச்சு விடும் பேட்டரி

கருமாதி முடிந்து அப்பாவின் கடையைத் திறந்த முதல் நாளே, அவர் செய்து கொடுத்தது சரியில்லை என்று சொல்ல ஒருவர் வந்தார்.

அப்பா பெயர் தாண்டவராயன். திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் கடிகாரக் கடை வைத்திருந்தார். குடும்ப நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். ஏன் என்று கேட்டால், "நெலத்துக்கு மழ வரணும். கடிகாரத்துக்கு நான் வந்தா போதும்" என்பார்.

வந்தவர் கலைப்பிரியா அக்கா. குயிலாப்பாளையம். ஆரோவில்லில் ஒரு அச்சகத்தில் வேலை. பிலிம் கேமராவில் மட்டுமே படம் எடுப்பார். அப்பா கேமரா பக்கம் போனதே இவரால்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய ஜப்பான் கேமராவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வெளிச்சத்தை அளந்து காட்டும் முள் அசையவில்லை. அதற்கு வேண்டிய பாதரச பேட்டரியை இப்போது யாரும் செய்வதில்லை; நஞ்சு என்று நிறுத்திவிட்டார்கள்.

"எல்லாக் கடையிலும் கேட்டுட்டேன் சார். இல்லன்றாங்க."

"இல்லன்றவங்ககிட்ட ஏம்மா போற? நேரா இங்க வர்றதுதான?"

"உங்ககிட்ட இருக்கா?"

"இல்ல."

அக்கா சிரித்துவிட்டார். "இல்ல, ஆனா வெச்சிட்டுப் போ" என்றார் அப்பா.

பாதரச பேட்டரி 1.35 வோல்ட். சாதாரண பட்டன் பேட்டரி 1.5. அதைப் போட்டாலும் முள் அசையும், ஆனால் பொய் சொல்லும். வெளிச்சத்தை அதிகமாகக் காட்டும்; அதை நம்பி எடுத்தால் படம் இருண்டுவிடும். பாதரசத்துக்கு அருகில் வந்தது, காது கேட்கும் கருவிக்குப் போடும் துத்தநாக பேட்டரி. அப்பா அதை விற்றுக்கொண்டிருந்தார். அதன் முதுகில் ஊசிமுனை அளவில் துளைகள் இருக்கும். ஸ்டிக்கரை உரித்ததும் காற்றை இழுத்துக்கொண்டு மின்சாரம் தரும். காற்று நின்றால் அதுவும் நின்றுவிடும். "இது மூச்சு விடுற பேட்டரிம்மா" என்று வாங்க வருபவர்களிடம் சொல்வார்.

ஆனால் கேமராவின் குழிக்கு அது சிறியது. நிலக்கடலை மூட்டைகள் வந்திறங்கும் மல்லாட்டை மண்டிக்கு எதிரே தார்ப்பாய் தைக்கும் கடை இருக்கிறது. தார்ப்பாய் ஓரத்தில் கயிறு கோக்க அடிக்கும் பித்தளை வளையம் ஒன்றை அங்கே வாங்கிவந்தார். உள்ளே பேட்டரி உட்கார்ந்தது. வெளிவிளிம்பை அரத்தால் தேய்த்துத் தேய்த்துக் குழிக்குச் சரியாக்கினார். கேமராவின் அடியில் இருக்கும் பேட்டரி மூடியைக் கழற்றி, பேட்டரி மூச்சுவிட அதன் நடுவில் மெல்லிய துளை போட்டார். உள்ளே தூசி போகாமலிருக்க ஓரத்தில் ரப்பர் வாஷர் வைத்தார்.

அக்காவின் படங்கள் சரியாக வந்தன. பிறகு பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும்கூட வளையம் கேட்டார்கள்.

நான் மின்னணுவியல் படித்தவள். விழுப்புரத்தில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை. வளையங்களின் மின்தடையை நான்தான் அளந்து கொடுப்பேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அப்பா கையை ஆட்டி நிறுத்துவார். "பாஸா பெயிலா, அத மட்டும் சொல்லு வேணி."

ஒன்றுகூடப் பெயிலானதில்லை. கடைசியாகச் செய்தவற்றை மட்டும் நான் அளக்கவில்லை. ஆயுத பூசை சமயத்தில் புது வளையங்கள் வாங்கிச் செய்து, கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் கடையிலேயே நெஞ்சு வலி வந்து போய்விட்டார். ஆயுத பூசையின்போது கடையில் இருந்த அக்காவின் கேமராவிலும், பழசுக்குப் பதிலாக அந்தக் கடைசி வளையங்களில் ஒன்றைத்தான் மாட்டியிருந்தார்.

"தப்பா நெனச்சுக்காத வேணி. இந்த நேரத்துல வந்து சொல்றதுக்கே கஷ்டமா இருக்குது" என்றார் அக்கா. "போன ரோல் பூரா வெளுத்துப் போச்சு. முள்ளு கம்மியாவே காட்டுது. நாளன்னிக்கு மேல்சித்தாமூர் ஜைனக் கோயில்ல படம் எடுக்க அனுமதி குடுத்திருக்காங்க. கையில ஸ்லைடு பிலிம் ஒண்ணே ஒண்ணுதான் கீது."

ஸ்லைடு பிலிம் தப்பை மன்னிக்காது; வெளிச்ச அளவு கொஞ்சம் பிசகினாலும் படம் போய்விடும். வளையம் மோசம் என்றால் அதே பித்தளையில் செய்து அனுப்பிய எல்லாமே மோசம். வாங்கியவர்கள் ஒவ்வொருவருக்கும் நான் போன் செய்து, அப்பா கடைசியாகச் செய்தது பெயில் என்று சொல்ல வேண்டும்.

"உக்காருங்க அக்கா. பாத்துடலாம்."

மேசை மேல் எல்லாவற்றிலும் ஆயுத பூசைப் பொட்டு இருந்தது. துளையிடும் கருவி, அரம், இடுக்கி. பழுதுக்கு வந்த அடுத்தவர் பொருள்களையும் அப்பா விடமாட்டார். "நம்ம மேசைல இருக்கற வரைக்கும் நம்ம பொருள்தான்." சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நான் எதையும் துடைக்கவில்லை. அக்காவின் கேமரா மூடியிலும் பொட்டு இருந்தது. மூடியின் பள்ளத்தில் காசு வைத்துத் திருகினால் பொட்டு உதிரும் என்று, ரப்பர் துண்டால் பிடித்துக் கழற்றினேன்.

வளையத்தை அளந்தேன். மின்தடை இல்லை. பேட்டரி 1.36 வோல்ட் காட்டியது. திரும்ப மாட்டினேன். ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த வெளிச்சமானி காட்டியதையே கேமரா முள்ளும் காட்டியது.

"மொதல்ல நல்லாத்தான் காட்டும்" என்றார் அக்கா. "வெயில்ல கொஞ்ச நேரம் எடுத்துக்கினு இருந்தா எறங்கிடும்."

கேமராவை வாசல் வெளிச்சத்தில் வைத்தோம். என்னோடு கடைக்கு வந்திருந்த அம்மா, அக்காவை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்தார். அவர்கள் திரும்பி வந்தபோது முள் இறங்கியிருந்தது. பேட்டரியை எடுத்து அளந்தேன்: ஒரு வோல்ட்டுக்குக் கீழே. மேசையில் வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். கண்ணெதிரே எண் மெல்ல ஏறியது. 1.1. 1.2. 1.3.

வெளியே எடுத்தால் பிழைக்கிறது. உள்ளே போனால் சாகிறது.

மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உட்புறமாகப் பார்த்தேன். நடுவில் துளை ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை. திருப்பினேன். வட்டமான மூடி, பொட்டு வைக்கிற கை நடுவில்தான் வைக்கும். தானே போட்ட துளையைத் தானே சந்தனத்தால் அடைத்திருக்கிறார்.

அக்கா எட்டிப் பார்த்தார். "அட! பேட்டரிக்கு மூச்சு முட்டிப் போச்சா?"

"ஆமாக்கா. வளையத்துல ஒண்ணும் இல்ல."

"மனுசன் கெட்டிக்காரருதான்" என்றார் அம்மா. "சாமி கும்புடறப்போ மட்டும் கண்ண மூடிக்குவாரு."

மூன்று பேரும் சிரித்தோம். அப்பா போன பிறகு அந்தக் கடையில் முதல் சிரிப்பு.

"ஊசி குடு, குத்தி எடுத்துடலாம்" என்றார் அக்கா.

"தூள் உள்ள உழுந்தா பேட்டரியோட துளையும் அடைச்சுக்கும்க்கா."

"அப்ப தொடச்சுக் குடுடீ" என்றார் அம்மா. "அவங்க ஜல்தியா கெளம்பணும்ல."

துடைப்பதுதான் நேர் வழி. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்தும்விட்டேன். சாய்ந்த வெளிச்சத்தில் சந்தனத்தின் மேல் ரேகை தெரிந்தது. அப்பாவின் மோதிர விரல். அரத்தில் வெட்டுப்பட்ட தழும்பு ரேகையைக் குறுக்கே கடந்து போனது.

பஞ்சைக் கீழே வைத்தேன்.

"அக்கா, ஓரத்துல இன்னொரு துளை போடட்டுமா? உங்க மூடி. நீங்க சொல்லணும்."

"மொத துளையப் போட்டப்போ உங்கப்பா என்னக் கேட்டாரா இன்னா?" என்றார் அக்கா. "போடு."

மூடியைத் துணி சுற்றி இடுக்கியில் பிடித்தேன். பொட்டு அசையாமலிருக்க, அப்பாவின் மெல்லிய துளைமுனையை உட்புறத்திலிருந்து, ரப்பர் வாஷரில் படாமல் செலுத்தினேன். பித்தளைத் துகளை ஊதிவிட்டு மாட்டினேன். மறுபடியும் வாசல் வெளிச்சத்தில் கேமராவை வைத்துவிட்டு, அக்காவின் பஸ்ஸுக்கு நேரமாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம். முள் வெளிச்சமானி காட்டியதைவிட்டு இறங்கவில்லை.

"இன்னாடீ," என்றார் அம்மா, "பாஸா பெயிலா?"

"பாஸ்மா."

மேல்சித்தாமூர்ப் படங்கள் கழுவி வந்ததும் அக்கா கொண்டுவந்து காட்டினார். கல் கல்லின் நிறத்தில் இருந்தது. மூடியில் பாதிப் பொட்டுதான் மிச்சம். வழியில் பையில் உரசியிருக்கிறது. அதற்கு நான் எதுவும் செய்யவில்லை.

கடையைச் சனி, ஞாயிறுகளில் நான் திறக்கிறேன். வளையம் கேட்டு இன்னும் வருகிறார்கள். மூடிக்கு இப்போது ஓரத்தில்தான் துளை போடுகிறேன். நடுவில் பொட்டுக்கு இடம் விட்டாயிற்று.