ஜமேதார் இளையபெருமாளுக்குச் செய்த கருமாதி

உயிரோடு இருக்கும் மனிதனுக்குக் கருமாதி செய்து, அவன் மனைவியின் தாலியை அறுத்துவிட்டு, அவன் திரும்பி வந்து வாசலில் நின்றபோது "உள்ளே வராதே" என்று சொன்ன ஊர் ஒன்று திருமழபாடிக்குப் பக்கத்தில், கொள்ளிடக் கரையில் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களை யோக்கியர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த மனிதர் இளையபெருமாள். ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்து ஆசிரியர். வாத்தியார் சம்பளத்தில் தன் குடும்பத்தையும் அண்ணன் தர்மனின் குடும்பத்தையும் தாங்க முடியாமல் 1940-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். பாலம் கட்டும் படைப்பிரிவு. படித்தவர், கணக்கில் கெட்டி, ஆட்களை அதட்டாமலே வேலை வாங்கத் தெரிந்தவர். அடுத்த வருடமே ஜமேதார் என்ற அதிகாரியாக ஆக்கிவிட்டார்கள். ஒரு தடவை லீவில் வந்தபோது, மனைவி காத்தாயி அந்த உடுப்பைத் துவைத்துக் கொடியில் போட்டு, காய்கிற வரைக்கும் காக்கை விரட்டிக்கொண்டு நின்றாராம். மகள் பூங்காவனம் அப்போது தவழ்கிற குழந்தை.

பிறகு அவர் மலேயாவுக்குக் கப்பல் ஏறினார். 1942 தொடக்கத்தில் சிங்கப்பூர் விழுந்தது. கடிதம் நின்றுபோனது. பட்டாளத்து ஆபீஸுக்கு எழுதிக் கேட்டதற்கு, அவரைப் பற்றித் தகவல் இல்லை என்று பதில் வந்தது.

தெரியாததைத் தெரியவில்லை என்று ஆபீஸ் சொன்னது. ஜோசியர் தெரியும் என்றார். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்த தர்மன், தம்பியின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். கட்டத்தைப் பார்த்த ஜோசியர், ஆள் தண்ணீரில் போய்விட்டான், காரியம் செய்யாவிட்டால் ஆவி அண்ணன் பிள்ளைகளைப் பிடிக்கும் என்றார். நம்புங்கள், அதற்கு மேல் ஒரு சான்றும் யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் காத்தாயி ஒருவர்தான். "பொணம் எங்க?" என்றார்.

"கடல்ல போனவனுக்கு ஏதுடி பொணம்?" என்று உறவுப் பெண்கள் மடக்கினார்கள்.

"பார்த்தவங்க யாரு?"

"ஜாதகம் பொய் சொல்லுமா? அழுவுடி. புருசன் செத்ததுக்குக்கூட கண்ணுல தண்ணி வரல பாரு இவளுக்கு."

வைக்கோலில் ஒரு பொம்மை கட்டி, இளையபெருமாளின் வேட்டியைச் சுற்றி ஆற்று மணலில் எரித்தார்கள். பத்தாம் நாள் பெண்கள் சேர்ந்து காத்தாயியின் கையைப் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். அவர் திமிறியதில் வளையல் உடைந்து மணிக்கட்டில் கிழித்தது. அந்தத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் இளையபெருமாள் ஜப்பான்காரனிடம் கைதியாக, நியூகினித் தீவில் மண் சுமந்துகொண்டிருந்தார். 1945-ல் விடுதலையானார். அந்த வருடக் கடைசியில், அரியலூரில் ரயிலை விட்டு இறங்கி, பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடிய பஸ் பிடித்து ஊர் வந்தார். பட்டப்பகலில் அவரைப் பார்த்து ஆட்கள் ஓடினார்கள். போரில் பார்க்காத பீதியை அன்றைக்குத் தன் தெருவில் பார்த்ததாகப் பின்னாளில் என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அன்று சிரிக்கவில்லை.

வாசலில் தர்மன் கையை விரித்து மறித்தார்.

"தம்பி, நில்லு. உள்ள வராத."

"நான்தாண்ணே."

"நீதான்னு தெரியுது. ஒனக்குக் கருமாதி பண்ணிட்டோம். செத்தவன் நேரா வூட்டுக்குள்ள வந்தா குடும்பம் அழிஞ்சிரும். இதுக்கு ஐயரு சொல்ற சாங்கியம் ஒண்ணு இருக்கு. ஒன்ன தொட்டியில உக்கார வச்சு, பொறந்த புள்ளயக் குளிப்பாட்டுற மாதிரி குளிப்பாட்டி, காது குத்தி, புதுப் பேரு வைக்கணும். அப்புறம் வரலாம்."

"சரி. காத்தாயி எங்க?"

தர்மன் தரையைப் பார்த்தார். "அவளுக்கு அறுத்தாச்சுப்பா. அறுத்தவளுக்கு மறுபடி கட்டுற வழக்கம் இல்ல. நீ புதுசாப் பொறக்குற. ஒனக்கு வேற பொண்ணு பார்ப்போம். அவ பாட்டுக்கு ஒரு மூலையில இருந்துட்டுப் போவட்டும்."

படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பொய்த்தது ஜாதகம். தண்டனை ஜோசியருக்கு இல்லை, தர்மனுக்கு இல்லை. ஆணுக்கு ஒரு குளியல். பெண்ணுக்கு ஆயுள் முழுக்க மூலை.

இளையபெருமாள் அண்ணனின் கையை விலக்கிவிட்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார். கொல்லைப்புறத்தில், வெள்ளைச் சேலையில் காத்தாயி நின்றிருந்தார். அருகில், அப்பாவை அடையாளம் தெரியாத பூங்காவனம்.

"வந்துட்டேன் காத்தாயி. நாளைக்கே ஊரக் கூட்டி, எல்லாரு முன்னாடியும் தாலி கட்டுறேன். எவன் தடுக்கிறான்னு பார்க்கிறேன்."

"வேணாங்க."

அவர் அதிர்ந்துபோனார். ஊரை எதிர்க்கத் தயாராக வந்தவர், இதற்குத் தயாராக வரவில்லை. "என்ன சொல்ற? என்னை வேணாங்கிறியா?"

"ஒங்கள இல்லீங்க, தாலிய. நீங்க இருக்கீங்கன்னு நான் தலைதலையா அடிச்சிக்கிட்டேன், ஒருத்தரும் கேக்கல. மாட்டைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சு அறுத்தாங்க. திரும்பக் கட்டுனா, திரும்ப ஒரு நாள் பிடிப்பாங்க. என் கழுத்துல அவங்க கை இனிமே படக்கூடாது. அப்படியே இருக்கட்டும். இப்படியே வாழ்வீங்களா, மாட்டீங்களா?"

அவர் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "பூவாச்சும் வச்சுக்குவியா?" என்று கேட்டாராம்.

"அதெல்லாம் வச்சுக்குவேன். போய் வாங்கியாங்க."

மறுநாள் மூவரும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தனி வீடு பிடித்துக் குடிவந்தார்கள். சிவப்புச் சேலை, நெற்றியில் பொட்டு, தலையில் கதம்பம், கழுத்து வெறுமை. இப்படி ஒரு பெண் தெருவில் நடந்ததை அந்த ஊர் பார்த்ததில்லை. குழாயடி இல்லாத ஊர். கிணற்றடியில் பேசித் தீர்த்தார்கள். "வச்சுக்கிட்டவ" என்று காதுபடவே சொன்னார்கள். சிலர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். இளையபெருமாள் மறுபடி வாத்தியார் ஆகியிருந்தார். அவரோடு அங்கே நானும் வேலை பார்த்தேன். பையன்கள் முதுகுக்குப் பின்னால் அவரைச் செத்த வாத்தியார் என்பார்கள். அவர் திரும்பி, "செத்தவன் கேக்குறேன், சொல்லுடா, ஒம்பதேழு எவ்வளவு?" என்பார். வகுப்பு வெடித்துச் சிரிக்கும். நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சாயங்காலம் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார். காத்தாயி பின்னால் அல்ல, பக்கத்தில் நடப்பார்.

தீவில் பிடித்த காய்ச்சல் விட்டு விட்டு வந்து, 1949 ஆடியில் அவரைக் கொண்டுபோய்விட்டது. இந்தத் தடவை நிஜமான சாவு. எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. முந்தின வாரம்தான் கரும்பலகைக்குக் கரி பூசிக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் அதே பெண்கள் வந்தார்கள். வந்தவர்கள் காத்தாயியின் வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்தில் நின்றார்கள். அவர்களில் மூத்தவர், "பூவயாச்சும் எடுத்துருடி" என்று கையை நீட்டினார்.

காத்தாயி தலையைப் பின்னுக்கு இழுத்தார். "கிட்ட வராதீங்க பெரியம்மா. வச்சது நானு. எப்ப எடுக்கணும்னு எனக்குத் தெரியும்."

யாரும் அவரைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். கதவைச் சாத்திவிட்டு, மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பூவும் பொட்டுமாக உட்கார்ந்து காத்தாயி கதறி அழுதார்.