காலரா ஆஸ்பத்திரியாக இருந்த ரேஷன் கடை

சிம்மக்கல்லில் ஆற்றைப் பார்த்து நின்ற அந்த நீளமான கட்டடம் முதலில் சத்திரமாகவும், காலரா பரவிய நாட்களில் ஆஸ்பத்திரியாகவும் இருந்ததாம். யுத்த காலத்தில் அதை ரேஷன் கடை ஆக்கினார்கள். நான் அங்கே குமாஸ்தா. பழங்கதையைக் காதுகொடுத்துக் கேட்கும் பொறுமை எனக்கு அப்போது கிடையாது. கேட்டிருந்தால் ஒரு பாவம் குறைந்திருக்கும்.

ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து ஓர் அம்மாள் வருவார், வயலில் கூலி வேலை செய்பவர். வாசற்படி ஏறவே மாட்டார். வெயிலில் நின்றபடி ஓலைப்பெட்டியை யாரிடமாவது கொடுத்தனுப்பி அரிசி வாங்கிக்கொள்வார். சாதிக்குப் பயந்துதான் ஒதுங்கி நிற்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கோயிலுக்குள்ளேயே எல்லாரும் போகத் தொடங்கிவிட்ட பிறகு இங்கே என்ன பயம் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஒருநாள் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். "உள்ள வந்து வாங்குனாத்தான் இனிமே அரிசி. இங்க உங்கள யாரும் தடுக்க மாட்டாக, வாங்க."

வரிசையில் இரண்டு பேர் மெச்சித் தலையாட்டினார்கள். எனக்கு ஏகப் பெருமை.

அவர் மெல்லப் படியேறி வந்தார். என் மேஜையைத் தாண்டிப் போய், மூலையில் மூட்டை அடுக்கியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எம் புருசன அங்கனதான் போட்டிருந்தாக, சாமி. ஒருதடவ மூஞ்சியப் பாத்துட்டு வந்துர்றேன்னு வாசல்ல நின்னு அம்புட்டு கெஞ்சுனேன். அன்னைக்கு என்னய உள்ள விடல."